நாலாவது விளக்கு

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
13.12.2007, வியாழன்

ரொனால்டு,

தாளின் தலையில் வழக்கமாகப் போடுகிற சிலுவையைப் போடவில்லை. கோபத்தினால் இல்லை. மூன்று தாளில் போட்டுப் பார்த்தேன், மூன்றும் கோணலாகப் போனது.

ஒன்பது மாதம் கழித்து எழுதுகிறேன். அம்மாவை அடக்கம் பண்ணிய அன்று, "நீ மண்ணு போட வேணாம், உன் கம்ப்யூட்டரையே போய்க் கட்டிக்கிட்டு அழு" என்று ஊர் முன்னால் சொன்னவள் நான்தான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள இப்போது எழுதவில்லை. இந்தக் கணினிப் பெட்டியைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தவன் நீ. வேறு யாரிடம் கேட்பேன்?

விஷயம் இதுதான். நம்ம பள்ளிக்கூடத்தோடு சேர்த்து நாலு பள்ளிகளுக்கு நான் வீட்டில் வினாத்தாள் டைப் அடித்துக் கொடுப்பது உனக்குத் தெரியும். ஆறு வருடத்தில் ஒரு சொல் வெளியே போனதில்லை. நேற்று பத்தாம் வகுப்பு அரையாண்டு, கணக்கு. மணி அடிக்கும் முன்பே வகுப்பில் ஒரு ஜெராக்ஸ் தாள் அகப்பட்டது. முழு வினாத்தாளும் அதில் இருக்கிறது. வைத்திருந்த பிள்ளை சண்முகவள்ளி, நம்ம பாத்திமாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். யார் கொடுத்தது என்று கேட்டால் அழுகிறாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

பதினேழாவது கணக்கில் அரைக்கோளத்தின் ஆரம் 3.5. முதலில் அடிக்கும்போது நான் புள்ளியை விட்டுவிட்டு 35 என்று அடித்துவிட்டேன். அது ஐந்தாம் தேதி. மறுநாள் காலையில் திருத்தி, திருத்திய தாளைத்தான் தலைமையாசிரியை சிஸ்டரிடம் கொடுத்தேன். ஜெராக்ஸில் 35 என்று இருக்கிறது. அப்படியென்றால் அச்சகத்திலிருந்தும் போகவில்லை, பள்ளியிலிருந்தும் போகவில்லை. என் கணினியிலிருந்து, ஐந்தாம் தேதியே போயிருக்கிறது. உங்க அத்தான் தொப்பம்பட்டி பள்ளியில் தங்கி சனிக்கிழமைதான் வருகிறார். வீட்டில் இருப்பது நானும் பாத்திமாவும்.

சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "டெய்சி, உன்னைய நான் சந்தேகப்படல. புள்ளைய கேளு" என்றார்கள். வருகிற 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை தாளாளர் வருகிறார். அதற்குள் பிள்ளை ஒத்துக்கொண்டால் பார்க்கலாமாம். இல்லாவிட்டால் டி.சி. மார்ச்சில் பொதுத் தேர்வை வைத்துக்கொண்டு டி.சி.யோடு எந்தப் பள்ளி வாசலில் போய் நிற்பேன்?

அடித்துவிட்டேன், ரொனால்டு. பெற்ற மகளை ஸ்கேலால் அடித்தேன். "நான் எடுக்கலம்மா, மாதா மேல சத்தியமா எடுக்கலம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நேற்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

இன்னொன்று. சொன்னால் அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பாய். நான் கை வைக்காமலே மவுஸ் அம்பு திரையில் நகர்கிறது. இரண்டு தடவை என் கண்ணால் பார்த்தேன். யாரோ உள்ளே இருக்கிறார்கள். இன்று காலை டெலிபோன் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன். போனும் அதே கம்பியில்தானே, அதுவும் ஊமையாகிவிட்டது. செல்லில் கூப்பிடலாம். உன் குரலைக் கேட்டால் திட்டுவேனா அழுவேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் கூரியர்.

யாருடா அது?

டெய்சி

*

பெங்களூர்
14.12.2007

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபீஸ் வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கும்போதே கவரில் உன் எழுத்தைப் பார்த்துவிட்டேன். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன்.

முதலில் ஒன்று. உனக்குக் கிறுக்கு இல்லை. மவுஸ் நகர்ந்தது நிஜமாக இருக்கலாம். பாத்திமாவை இனிமேல் அடிக்காதே.

மோடத்தைப் பற்றி நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி. அதற்கு இரண்டு வேலை உண்டு. டெலிபோன் கம்பியில் வருவதைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றுவது ஒன்று. இன்னொன்று வாட்ச்மேன் வேலை. வெளியிலிருந்து வருவதை நிறுத்தி, உள்ளே இருக்கிறவர் கேட்டதுதானா என்று பார்த்து, கேட்காததை வாசலிலேயே திருப்பி அனுப்பும். அப்போது வெளி உலகத்துக்குத் தெரிவது மோடத்தின் முகவரி மட்டும்தான். உன் கணினி பின்னால் மறைந்திருக்கும்.

பிரிட்ஜ் என்று ஒரு முறை இருக்கிறது. அதில் போட்டால் மோடம் வாட்ச்மேன் வேலையை விட்டுவிடும். இந்தப் பக்கம் வந்ததை அந்தப் பக்கம் அப்படியே கடத்தும், எதையும் பிரித்துப் பார்க்காது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து டயல் பண்ணுவது கணினியின் வேலையாகிவிடும். நீ தினமும் காலையில் ஒரு படத்தை அமுக்கி டயல் பண்ணுகிறாயே, அதற்குக் காரணம் அதுதான். டயல் பண்ணியதும் வெளி உலக முகவரி நேராக உன் கணினிக்கே வந்துவிடும். நடுவில் யாரும் இல்லை. மோடத்தில் நாலாவது விளக்கு எரியவில்லை, பழுதோ என்று ஒருதரம் கேட்டாய். பழுது இல்லை. பிரிட்ஜில் இருந்தால் அது எரியாது.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நான்தான் அப்படிப் போட்டேன். அம்மா படுக்கையில் இருந்தார்கள். கேமராவில் என்னைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வாட்ச்மேன் இருந்ததால் என் படமும் சத்தமும் மோடத்தோடு நின்றுபோயின. ஒவ்வொன்றுக்கும் தனியாக வழி திறந்து கொடுக்கலாம், ஆனால் மறுநாள் பஸ். நேரம் இல்லாமல் பிரிட்ஜ் போட்டேன். நீ தாள் கொடுக்க வெளியே போயிருந்தால் அம்மாவுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது. அதனால் நான் இங்கிருந்தே உன் கணினிக்குள் வந்து கேமராவைப் போடுகிற மாதிரி ஒரு புரோகிராமும் வைத்தேன். அதன் பாஸ்வேர்டு அம்மா பேர். உன் கணினியின் முகவரி தினமும் மாறினாலும் தேடிப் பிடிக்க ஒரு பெயரும் வைத்தேன். அம்மா போனதும் எல்லாவற்றையும் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது: கம்பியைச் சொருகாதே. கணினியை மட்டும் போடு. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பட்டியல் அதில் பதிவாகியிருக்கும். திறக்கும் வழியைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தேதி, நேரம், வந்தவர் கணினியின் இன்டர்நெட் எண் மூன்றையும் அப்படியே எழுதி அனுப்பு.

ரொனால்டு

*

மேட்டுப்பட்டி
15.12.2007

ரொனால்டு,

ஆக, வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போனவன் நீ. ஒரு வருடமாக நான் கதவில்லாத வீட்டில் உட்கார்ந்து வினாத்தாள் அடித்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னாயா? "அக்கா, இதுல ஆபத்து இருக்கு" என்று ஒரே ஒரு வார்த்தை!

நீ எழுதிய வழி எனக்குப் புரியவில்லை. பாத்திமாதான் தாளைப் பார்த்துத் திறந்தாள். புதன்கிழமைக்கு அப்புறம் இன்றுதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பட்டியல் தனித் தாளில் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

ஜனவரியிலிருந்து மார்ச் ஒன்பது வரைக்கும் ஒரு நாள் விடாமல் மதியம் ஒரு மணிக்கு ஒரு பதிவு. உன் சாப்பாட்டு நேரமா அது? நீ எப்போதாவது அம்மாவைப் பார்ப்பாய் என்று நினைத்திருந்தேன். தினமும் வந்தது எனக்குத் தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை. சரி, அதை விடு.

அதற்கு அப்புறம் எட்டு மாதம் வெறுமை. பிறகு நவம்பர் 2, மூன்று பத்திலிருந்து மூன்று ஐம்பத்தைந்து வரை. டிசம்பர் 5, நாலு இருபது முதல் நாலு ஐம்பது. டிசம்பர் 7, பத்து நிமிடம். அவ்வளவுதான்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன். உங்க அத்தானிடம்கூடச் சொல்லவில்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். காலையில் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வந்து, மதியம் அறிவியல் தாள் அடித்துக்கொண்டிருந்தேன். அம்பு தானாக நகர்ந்து, 'அம்மா' என்று பேர் வைத்திருக்கிற பைலைத் திறந்து, அந்த நீலச் சேலைப் படத்தைப் பெரிதாக்கியது. நான் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தேன். அந்த நாளில், அம்மாவின் கட்டிலை ஒட்டியிருந்த மேசையில் அப்படி நடந்தால் நீ என்ன நினைப்பாய்? ஆன்மாக்களின் நாள் அது. அம்மா வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பயந்தேன். ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. அப்போது நான் ஒன்று செய்தேன். அது உனக்கு வேண்டாம்.

டிசம்பர் 5 சாயங்காலமும் அம்பு நகர்ந்தது. பாத்திமா ஸ்பெஷல் கிளாசில் இருந்தாள். அம்பு கணக்குத் தாள் பைலைப் போய்த் திறந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அம்மா என் வேலையைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். எழுந்து உள்ளறைக்குப் போய் ஜெபமாலை சொன்னேன். அரை மணி நேரம். ஆறு வருடமாக அண்டை வீட்டார் எட்டிப் பார்க்காமல் ஜன்னலை அடைத்து வைத்துக்கொண்டு வேலை செய்தவள், அன்றைக்குத் திருடனிடம் தாளை விரித்துக் கொடுத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை சிஸ்டரிடம் எந்த வாயால் சொல்வேன்? செத்துப்போன அம்மா வந்து திறந்தார்கள் என்று நினைத்தேன் என்றா?

நீதான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னும் ஆறு நாள்.

டெய்சி

*

பெங்களூர்
17.12.2007

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டியல் கிடைத்தது. மார்ச் வரைக்கும் இருப்பது நான். மற்றது ஏதோ வெளி எண். இந்த மாதிரி எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இன்டர்நெட்டில் திறந்த கணினி எது என்று தேடிக்கொண்டே இருக்கிற ஆட்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அப்படி எவனாவது இருக்கும்.

மோடத்தை உடனே மாற்றிவிடு. பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஊக்கின் முனையை விட்டுப் பத்து விநாடி அமுக்கு. பிறகு தாளில் எழுதியிருக்கிற எண்ணை அடித்தால் மோடத்தின் பக்கம் திறக்கும். அதில் பிரிட்ஜ் என்று இருப்பதை மாற்றி, பெயரையும் பாஸ்வேர்டையும் மோடத்துக்கே கொடுத்துவிடு. இனிமேல் டயல் பண்ணுவது மோடத்தின் வேலை. நாலாவது விளக்கு எரிந்தால் வாட்ச்மேன் வந்துவிட்டான் என்று அர்த்தம். என் புரோகிராமையும் அழித்துவிடு.

சிஸ்டரிடம் வைரஸ் வந்துவிட்டது என்று சொல்லிப் பார். வெள்ளிக்கிழமை நான் வரலாம் என்று பார்த்தேன். லீவு கிடைக்காது போலிருக்கிறது.

ரொனால்டு

*

மேட்டுப்பட்டி
18.12.2007

ஏலே ரொனால்டு,

மறுபடியும் லீவு இல்லையா? மார்ச்சிலும் இதைத்தான் சொன்னாய். அம்மா உன் பேரைச் சொல்லிச் சொல்லி வாசலைப் பார்த்துக்கொண்டே போனார்கள். இப்போது பாத்திமா.

இன்று உன் கவர் கிடைத்ததும் சிஸ்டரிடம் போய் வைரஸ் என்று சொன்னேன். "வைரஸு வந்து ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துச்சாம்மா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் இரண்டு டீச்சர்கள் இருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் இவள் உட்கார்ந்திருக்கிறாள். முகம் செத்துக் கிடக்கிறது. "அம்மா, நான்தான் எடுத்தேன்னு சொல்லிர்றேன். ஒத்துக்கிட்டா உங்க வேலை போகாதுல்ல?" என்கிறாள். பதினைந்து வயசுப் பிள்ளை. நான் போட்ட அடியில் அவளுக்கு இந்த யோசனை வந்திருக்கிறது.

உன் கடிதத்தை அவளும் படித்தாள். படித்துவிட்டுப் பட்டியலின் நகலை எடுத்து வந்து, "அம்மா, நவம்பர்ல வந்ததும் டிசம்பர்ல வந்ததும் ஒரே நம்பரும்மா. மூணுலயும் கடைசி 118. மாமா இதைப் பாக்கலயா?" என்றாள்.

நீ பார்க்காமல் இருப்பாயா? இதே வேலையாக இருக்கிறவன் நீ.

நான் அப்போதிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உலகம் பூராவும் தேடுகிற எவனோ வந்தான் என்கிறாய். எவனோ வந்தவன் முதல் வேலையாக எதற்கு எங்க அம்மா படத்தைத் திறந்தான்? கல்லறைத் திருநாள் அன்றைக்கு எதற்குத் திறந்தான்? இருபது படம் இருக்கிற பைலில் உனக்குப் பிடித்த நீலச் சேலைப் படத்தைத் தேடி எதற்குப் பெரிதாக்கினான்? பாஸ்வேர்டு இஞ்ஞாசியம்மாள் என்பது உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? எனக்கே போன வாரம்தான் தெரியும்.

எழுதவே பயமாக இருக்கிறது. திருடனை நினைத்துப் பயந்ததைவிட இப்போது அதிகமாகப் பயப்படுகிறேன். நவம்பர் 2 மதியம் நீ எங்கே இருந்தாய்?

மோடத்தை இன்னும் மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கம்பியைச் சொருகி, டயல் பண்ணிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்பு அசையவில்லை. பாத்திமா வந்து கம்பியைப் பிடுங்கிவிட்டுப் போனாள்.

பொய் சொல்லாமல் எழுது. மூன்று நாள்தான் இருக்கிறது.

டெய்சி

*

பெங்களூர்
19.12.2007

அக்கா,

நான்தான்.

நவம்பர் 2 காலையில் திண்டுக்கல்லில் இருந்தேன். கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். நீ செவ்வந்தி மாலையைச் சிலுவையில் போட்டுவிட்டு, காற்றுக்கு மெழுகுவர்த்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றாய். நான் சுவரோரம் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். கிட்டே வர தைரியம் இல்லை. மறுபடி எல்லார் முன்னாலும் "போடா" என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம்தான். நீ போன பிறகு போய் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டேன். எட்டு மாதம் கழித்து.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அக்பர் அலி பாய் வைத்திருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நாலாம் நம்பர் கேபின். என் புரோகிராமை அந்த மிஷினில் இறக்கி, உன் கணினியைத் தேடினால் கதவு இன்னும் திறந்தே இருந்தது. அம்மா பேரை அடித்தேன். கை தவறியா, பழக்கத்திலா தெரியாது, பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள் என்ற கட்டத்திலும் டிக் போட்டிருக்கிறேன்.

உன் திரை வந்தது. நீ டைப் அடித்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு எழுத்தாக வந்துகொண்டிருந்தது. தப்பாக அடித்து அழித்தாய், மறுபடி அடித்தாய். உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. அரை மணி நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அம்மாவைப் பார்க்க ஆசை வந்து படத்தைத் திறந்தேன். உன் எழுத்து நின்றுவிட்டது. பிறகு வினாத்தாளின் நடுவிலேயே நீ அடித்தாய்.

"அம்மா, நீங்களா?"

உனக்கு வேண்டாம் என்று எழுதினாயே, அது இதுதானே? நான் பார்த்தேன், அக்கா. 'நான்தான்க்கா' என்று அடிக்க விரலை வைத்தேன். முடியவில்லை. உன்னிடமிருந்து அம்மாவை எடுத்துவிடுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. புரோகிராமை மூடிவிட்டு எழுந்து ஓடினேன். சேமித்து வைத்த பெயரையும் பாஸ்வேர்டையும் அழிக்காமலே போய்விட்டேன். தொழில் தெரியாதவன்கூடச் செய்யாத தப்பு.

பட்டியலில் 118ஐப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பாய் கடையின் இன்டர்நெட் எண் நிலையானது, மாறாது. தெரிந்தும் உனக்குப் பொய் எழுதினேன். அனுமதி இல்லாமல் இன்னொருவர் கணினிக்குள் போவது குற்றம். நான் வேலை பார்ப்பதே அப்படி யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்கிற இடத்தில். போலீஸ் என்று போனால் வேலை மட்டும் போகாது. ஜெயிலுக்குப் பயந்துதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். பாத்திமா ஒத்துக்கொள்கிறேன் என்று சொன்னதைப் படித்தபோது என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன்.

இன்று மதியம் பாய்க்குப் போன் பண்ணினேன். அவர் கடையில் யார் எந்த கேபினில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்கள் என்று நோட்டில் கையெழுத்து வாங்கி வைக்கிறார். டிசம்பர் 5ம் 7ம் நாலாம் கேபினில் இருந்தது முத்துச்சாமி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற மாஸ்டராம். அந்த மிஷினில் என் புரோகிராமைத் திறந்ததும் உன் பெயர் முதலாவதாக நின்றிருக்கும். அமுக்கியிருக்கிறார், வழி திறந்திருக்கிறது. "இந்தப் புள்ளைக்காகவா? நோட்டோட நானே வாரேன் தம்பி, எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லு" என்றார் பாய். வெள்ளி காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வருவார்.

கூடவே ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். சிஸ்டருக்கு. எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மோடத்தைப் பிரிட்ஜில் போட்டது, புரோகிராம் வைத்தது, நவம்பர் 2 உள்ளே வந்தது. என் கம்பெனி பெயரும் முகவரியும் இருக்கிறது. நீ டைப் அடித்ததை மட்டும் எழுதவில்லை. பாய் நோட்டு மட்டும் போதாது. முத்துச்சாமி எந்த வழியில் வந்தார் என்பதை நான் சொன்னால்தான் நம்புவார்கள். என்னை நினைத்து இதைக் கிழித்துவிடாதே. கொண்டுபோய்க் கொடு.

ரொனால்டு

*

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
21.12.2007, வெள்ளி

† மரியே வாழ்க.

ரொனால்டு,

கொடுத்துவிட்டேன்.

நேற்று உன் கவர் வந்ததிலிருந்து அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தேன். ஒரு தடவை அடுப்படி வரைக்கும் கொண்டுபோனேன். உன்னைக் காப்பாற்றப் பிள்ளையைக் கொடுப்பதா, பிள்ளையைக் காப்பாற்ற உன்னைக் கொடுப்பதா? பாத்திமா தூங்கும்போது கை விரலில் ஸ்கேல் பட்ட தழும்பைப் பார்த்தேன். அப்புறம் யோசிக்கவில்லை.

காலையில் பாய் மஞ்சள் பையில் நோட்டோடு எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். சிஸ்டர் உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்கள். தாளாளர் ஒரு தரம். நம்ம வீட்டுப் பட்டியலையும் பாய் நோட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நாலு இருபதுக்கு நாலு இருபது. நாலு ஐம்பதுக்கு நாலு ஐம்பது. சண்முகவள்ளியைக் கூப்பிட்டு முத்துச்சாமி கையெழுத்தைக் காட்டினதும், "சார்தான் குடுத்தாரு சிஸ்டர், சொன்னா உன்னையத்தான் மாட்டிவிட்டுருவேன்னாரு" என்று கதறிவிட்டாள். ஒன்பது நாளாக அந்தப் பிள்ளையும் பயந்தே செத்திருக்கிறது.

சிஸ்டர் பாத்திமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார்கள். அவள் அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்தேன். "ஐயோ எந்திரிங்கம்மா" என்றாள். அப்புறம், "பசிக்குதும்மா" என்றாள். இருந்த சோற்றைப் போட்டு, வெஞ்சனத்துக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

உன் கடிதத்தை சிஸ்டர் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். போலீஸ் வேண்டாம் என்று தாளாளர் சொல்லிவிட்டார். "ஆனா இந்தத் தம்பி நேர்ல வந்து எங்கிட்ட நிக்கணும்" என்றார்கள் சிஸ்டர். நிற்க வேண்டும், ரொனால்டு. வினாத்தாள் வேலை எனக்கு இனி உண்டா இல்லையா என்பதை ஜனவரியில் சொல்வார்களாம். திறந்த வீட்டில் வைத்திருந்தது என் தப்பும்தான்.

சாயங்காலம் பாத்திமா ஊக்கை எடுத்து மோடத்தின் ஓட்டையில் விட்டாள். நீ எழுதியபடியே எல்லாவற்றையும் மாற்றினாள். நாலாவது விளக்கு பச்சையாக எரிகிறது. போனிலும் சத்தம் வருகிறது.

இப்போது எனக்கும் உனக்கும் உள்ளது. ஏழு வாரம் அம்மா வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். சமைக்கும்போதுகூட அந்த மேசையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். உன் கடிதத்தில் 'நான்தான்' என்று படித்ததும் அம்மா இரண்டாம் தடவை செத்த மாதிரி இருந்தது. நேற்று பூராவும் உன் மேல் அம்புட்டுக் கோபம். இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்களா என்று நான் கேட்டேனே. 'நான்தான்க்கா' என்று ஒரே ஒரு வார்த்தை அடித்திருந்தால் என்னடா? பஸ் ஸ்டாண்டு எத்தனை தூரம்? செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்திருப்பேன். கட்டிப் பிடித்து நாலு அறை அறைந்து வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பேன். இத்தனையும் நடந்திருக்காது.

மண்ணு போட வேணாம் என்று சொன்னது தப்பு. மார்ச்சிலிருந்து அது என் நெஞ்சில் கிடக்கிறது.

இருபத்து நாலாம் தேதி வா. லீவு இல்லாவிட்டாலும் வா. இத்தனை நடந்ததில் பகலில்கூடத் தாழ்ப்பாள் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ தட்டினால் உள்ளே இருந்து யாரு என்று கேட்பேன்.

இந்தத் தடவையாவது பதில் சொல்.

அக்கா